பிள்ளை படுத்தும் பாடு: ரத்தத்தில் இருக்கிறதா காரணம்?

பையன் ஓர் இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான். சொன்ன பேச்சு கேட்பதில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறான். காரணம் இல்லாமல் கோபம் வருகிறது. தம்பியை அடிக்கிறான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தினம் ஒரு புகார் சொல்கிறார்.

இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? முதலில் அடிக்கிறார்கள். பிறகு மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். கடைசியில்தான் டாக்டரிடம் போகிறார்கள். அங்கே போனதும் அவர்கள் கேட்கும் கேள்வி இது:

"ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா, டாக்டர்?"

கேள்வி நியாயமானதுதான். சர்க்கரை வியாதியை ரத்தம் சொல்கிறது. மஞ்சள் காமாலையை ரத்தம் சொல்கிறது. ஈரல் கெட்டுப்போனால், ஈரலில் இருக்கவேண்டிய என்சைம்கள் ரத்தத்தில் கசிந்து அளவு ஏறிவிடுகின்றன. அதை வைத்து டாக்டர் கண்டுபிடித்துவிடுகிறார். மனக் கோளாறை மட்டும் ரத்தம் ஏன் சொல்லக்கூடாது?

சொல்லாது. துறுதுறுப்பும் கவனக் குறைவும் ஒரு வியாதி என்ற அளவுக்குப் போன பிள்ளைக்கும் சரி, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் சரி, "இதுதான் நோய்" என்று பெயர் சொல்லக்கூடிய ரத்தச் சோதனை இன்றுவரை கிடையாது. டாக்டர் குழந்தையோடு பேசி, விளையாடவிட்டு, பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்துத்தான் முடிவு சொல்கிறார்.

ஆனால் ரத்தம் வேறு ஒன்றைச் சொல்லும். குழந்தையின் மூளையைக் கெடுக்கும் ஒரு விஷம் உடம்பில் புகுந்திருக்கிறதா, இல்லையா என்பதைச் சொல்லும். சென்னைக்கு வடக்கே வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று ஆலைகளுக்கு நடுவே குடியிருக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த விஷத்தின் பெயர் காரீயம்.

என்சைம் செய்யும் வேலை

என்சைம் என்றால் என்ன? தமிழில் அதை நொதி என்கிறார்கள். உடம்புக்குள் ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான மாறுதல்கள் நடக்கின்றன. சோறு சர்க்கரையாகிறது. சர்க்கரை சக்தியாகிறது. ஒவ்வொரு மாறுதலையும் நடத்திக் கொடுக்க ஒரு நொதி இருக்கிறது. ஒரு குடம் பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் போதும் அல்லவா? அதுபோல நொதியும் கொஞ்சம் இருந்தாலே பெரிய வேலை செய்யும். ஆனால் ஒரு நொதிக்கு ஒரு வேலைதான் தெரியும். அது படுத்துக்கொண்டால் அந்த வேலையும் படுத்துவிடும்.

மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்போடு பேசுவதற்குச் சில ரசாயனங்கள் வேண்டும். அவற்றைச் செய்வதும் நொதிகள்தான். ஆகவே, மனம் கெட்ட குழந்தையின் ரத்தத்தில் ஏதோ ஒரு நொதி கூடியோ குறைந்தோ இருக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள். தேடினார்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், 1980-களில் டாக்டர் கிரகாம் ரோஜனஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அடாவடி செய்யும் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சிலருடைய ரத்தத்தில் டோபமைன் பீட்டா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி மிக மிகக் குறைவாக இருந்தது. (பெயரை உடனே மறந்துவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை.) கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றியது. ஆனால் அந்த நொதியின் அளவு பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும். நல்ல புத்தியோடு, நல்ல குணத்தோடு இருக்கிற பலருக்கும் அது குறைவாகவே இருக்கிறது. நொதி குறைவு என்பதால் பிள்ளை முரடன் என்று சொல்ல முடியவில்லை. பிள்ளை முரடன் என்பதால் நொதி குறைவு என்றும் சொல்ல முடியவில்லை.

இப்படிப் பல நொதிகள் வந்தன, போயின.

நார்வே நாட்டுத் தாய்

ஒரே ஒரு பெரிய வெற்றி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1934-ல் நார்வே நாட்டில் ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தாள். இரண்டுக்கும் புத்தி வளரவில்லை. அவர்கள் மேல் ஒரு விசித்திரமான வாடை அடித்தது. எல்லா டாக்டர்களும் கைவிரித்துவிட்டார்கள். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர் மட்டும் குழந்தைகளின் சிறுநீரை வாங்கி ஒரு ரசாயனத்தை ஊற்றிப் பார்த்தார். அது பச்சை நிறமாக மாறியது!

ஈரலில் இருக்கவேண்டிய ஒரு நொதி அந்தக் குழந்தைகளிடம் வேலை செய்யவில்லை. அதனால் உணவில் உள்ள ஒரு பொருள் செரிக்காமல் தேங்கி மூளையைக் கெடுத்துவிட்டது. பிறகு 1960-களில் ராபர்ட் கத்ரி என்பவர், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தைக் கொண்டு இந்த நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். பிறந்தவுடன் கண்டுபிடித்து, உணவை மாற்றினால் போதும். குழந்தையின் புத்தி தப்பிவிடும்.

இது அபூர்வமான நோய். ஆனாலும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தச் சோதனை மனதைச் சோதிக்கவில்லை. மனதைக் கெடுக்கிற பொருளைச் சோதித்தது. காரீயமும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், ஃபோலிங் கண்ட நோய் பிறவியில் வருவது. காரீயம் மனிதன் தோண்டி எடுத்து, உருக்கி, ஊரெல்லாம் பரப்பியது.

நாற்காலியைப் பிடுங்கும் காரீயம்

ரத்தத்தில் சிவப்பு நிறத்தைக் கொடுக்கும் பொருளைச் செய்வதற்கு ஒரு நொதி வேண்டும். அதன் முழுப்பெயர் டெல்டா அமினோலெவுலினிக் அமில டிஹைட்ரேட்டேஸ். டாக்டர்கள் சுருக்கமாக 'அலாட்' என்கிறார்கள். இந்த நொதி வேலை செய்யவேண்டுமானால், அதற்குள் ஒரு துளி துத்தநாகம் உட்கார்ந்திருக்கவேண்டும்.

காரீயம் உடம்புக்குள் வந்ததும் என்ன செய்கிறது? துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்துகொண்டு வேலையாவது செய்கிறதா என்றால், இல்லை! நொதி முடங்கிப்போகிறது. சிவப்புப் பொருள் செய்வது குறைகிறது. அதற்கென்று வைத்திருந்த மூலப்பொருள் தேங்கி நிற்கிறது. இப்படித் தேங்குவதும் நரம்புகளுக்குக் கெடுதல் செய்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காரீயம் கால்சியம் போல வேஷம் போடும். எலும்புக்குக் கால்சியம் வேண்டும். நரம்புக்கும் கால்சியம் வேண்டும். ஆகவே உடம்பு ஏமாந்து காரீயத்தை உள்ளே விட்டுவிடுகிறது. அது மூளைக்குள் போய், நரம்புகள் பேசிக்கொள்ளும் இடத்தில் குழப்பம் செய்கிறது. எலும்பில் புகுந்தால் பல வருஷங்கள் அங்கேயே குடியிருக்கும். பெண் கர்ப்பம் ஆகும்போது, சிறு வயதில் எலும்பில் சேர்ந்த காரீயம் கொஞ்சம் கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போவதும் உண்டு.

பெரியவர் வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். குழந்தைக்கோ ஏறக்குறைய பாதி சேர்ந்துவிடும். அதே வீடு, அதே தூசிதான். ஆனால் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. தவழும் குழந்தைக்கு ஆபத்து.

எவ்வளவு காரீயம் என்பதை 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுகிறார்கள். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ரத்தத்தில் 10 மைக்ரோகிராம் அளவு உள்ள மூன்று நான்கு வயதுக் குழந்தையை எடுத்துக்கொண்டால், அதன் உடம்பு ரத்தம் முழுவதிலும் உள்ள காரீயம் தூள் உப்பின் இரண்டு மணி எடைதான் இருக்கும். அந்த இரண்டு மணி போதும், அலாட் நொதியைத் தடுமாற வைக்க.

ஒரு காலத்தில் இந்த நொதி எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று பார்த்தே காரீயத்தை மதிப்பிட்டார்கள். இப்போது காரீயத்தையே நேராக அளந்துவிடுகிறார்கள்.

பால் பல் சொன்ன சாட்சி

காரீயம் அதிகமாகப் போனால் வயிற்று வலி, வலிப்பு, மரணம் வரும் என்பது பழைய விஷயம். உயிர் பிழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் டாக்டர்கள் நம்பினார்கள். 1943-ல் பாஸ்டன் நகரில் பையர்ஸ், லார்டு என்ற இருவர், அப்படிப் பிழைத்து வீட்டுக்குப் போன 20 குழந்தைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 19 பேர் பள்ளிக்கூடத்தில் தேறவில்லை. சிலர் முரட்டுத்தனத்தால் பள்ளியை விட்டே விலக்கப்பட்டிருந்தார்கள்.

அப்படியானால், நோயே வராத குழந்தைகள்? கொஞ்சம் கொஞ்சமாகக் காரீயம் போய், வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கிறவர்கள்?

இதைக் கண்டுபிடிக்க ஹெர்பர்ட் நீடில்மன் என்ற டாக்டர் ஒரு யுக்தி செய்தார். ரத்தத்தில் காரீயம் ஒன்றிரண்டு மாதத்தில் குறைந்துவிடும். ஆனால் பல்லில் தங்கிவிடும். தமிழ்நாட்டில் பால் பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். நீடில்மன், பாஸ்டனுக்குப் பக்கத்து இரண்டு ஊர்களில், விழுந்த பால் பல்லையெல்லாம் பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டு வாங்கினார்! பல்லில் எவ்வளவு காரீயம் என்று அளந்தார். எந்தப் பல் எந்தக் குழந்தையுடையது என்று தெரியாத ஆசிரியர்களிடம், "இந்தப் பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறதா? சொன்ன வேலையை முடிக்கிறானா? துடுக்குத்தனம் உண்டா?" என்று எழுதி வாங்கினார்.

1979-ல் முடிவு வெளியானது. பல்லில் காரீயம் ஏற ஏற, ஆசிரியரின் புகாரும் படிப்படியாக ஏறியிருந்தது. அந்தக் குழந்தைகள் யாரும் நோயாளிகள் அல்ல. எல்லாரும் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தவர்கள்.

நீடில்மன் கணக்கில் மோசடி செய்தார் என்று 1991-ல் புகார் கிளம்பியது. விசாரணை நடந்தது. மோசடி இல்லை என்று முடிந்தது. 1960-ல் அமெரிக்காவில் 60 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்றிருந்தார்கள். அது 1991-ல் 10 ஆயிற்று. 2012-ல் 5 ஆயிற்று. 2021-ல் 3.5 ஆயிற்று. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

சென்னையில் 756 குழந்தைகள்

அமெரிக்கக் கதை இருக்கட்டும், இங்கே எப்படி?

பெங்களூரில் டாக்டர் வெங்கடேஷ் துப்பில் என்பவரும் ஜார்ஜ் பவுண்டேஷன் என்ற அமைப்பும் 1990-களின் இறுதியில் சென்னை உள்பட இந்திய நகரங்களில் சுமார் 22,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. அப்போது பெட்ரோலில் காரீயம் கலந்துகொண்டிருந்தார்கள். 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் அது நின்றது. அது ஒரு பெரிய நல்ல காரியம்.

அதன் பிறகு வெளியான சென்னைக் கணக்குதான் கவனிக்கவேண்டியது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும், அனன்யா ராய் முதலிய ஆராய்ச்சியாளர்களும் சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரை உள்ள 756 குழந்தைகளைச் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரிக் காரீயம் 11.4 மைக்ரோகிராம். இன்று அமெரிக்காவில் எச்சரிக்கை மணி அடிக்கிற அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேல்!

இங்கேயும் ஆசிரியர்களிடம் குழந்தையின் நடத்தையைப் பற்றி எழுதி வாங்கினார்கள். காரீயம் கூடிய குழந்தைகளிடம் பயமும் பதற்றமும் அதிகம். மற்றப் பிள்ளைகளோடு ஒத்துப்போவது குறைவு. கவனம் குறைவு. எல்லாவற்றையும்விட, ஒரு வேலையைத் திட்டமிட்டு, தன்னை அடக்கிக்கொண்டு செய்து முடிக்கும் திறமைதான் அதிகம் அடிபட்டிருந்தது. "ஏழைக் குடும்பம், படிக்காத பெற்றோர், அதனால் பிள்ளை அப்படி இருக்கும்" என்று சொல்லிவிட முடியாது. குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிற எல்லாப் பையன்களுக்கும் காரீயம்தான் காரணம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளின் மனக் கோளாறுக்குப் பிறவி, வீட்டுச் சூழ்நிலை என்று வேறு பல காரணங்கள் உண்டு. காரீயம் அவற்றில் ஒன்று. ஆனால் தடுக்கக்கூடிய ஒன்று.

வள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை

வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல் மின்நிலையம் இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக அமைத்தது. பக்கத்திலேயே வடசென்னை அனல் மின்நிலையம். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். அந்தச் சாம்பலைக் குளம் குளமாகத் தேக்கி வைத்திருக்கிறார்கள். குழாய் உடைந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பாய்ந்தது. மீன் பிடிப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழிமுகத்தைச் சீர்செய்யும்படி தீர்ப்புச் சொன்னது.

நிலக்கரிச் சாம்பலில் காரீயம் உண்டு. ஆனால் சிறிய அளவு. சாம்பல் தூசியால் மூச்சுக் கோளாறு வருவது வேறு விஷயம். காரீயத்துக்கு மட்டும் சாம்பலின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டால், பெரிய குற்றவாளி தப்பிவிடுவான்.

பெரிய குற்றவாளி யார்? பழைய பாட்டரி!

காரிலும் லாரியிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் இருக்கும் பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். பழைய பாட்டரியை உடைத்து, உருக்கி, மறுபடியும் காரீயம் எடுக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளிலும் இந்தத் தொழில் நடக்கிறது. தொழிலே கூடாது என்று சொல்ல முடியாது. உருக்காமல் விட்டால் பழைய பாட்டரி குப்பையில் கிடந்து மண்ணைக் கெடுக்கும். பழைய பாட்டரியைத் திரும்ப வாங்கி முறைப்படி உருக்கவேண்டும் என்று 2001-லேயே சட்டம் வந்தது. 2022-ல் புதிய விதிகள் வந்தன. அனுமதி பெற்ற ஆலையில் புகையை வடிகட்டும் சாதனம் வைக்கவேண்டும். அந்தச் சாதனம் இரவிலும் ஓடுகிறதா என்று பார்ப்பது அதிகாரிகளின் கடமை. கொல்லைப்புறத்தில் சுத்தியலால் உடைத்து, இரும்புச் சட்டியில் உருக்குகிறவரிடம் வடிகட்டியும் இல்லை, கடமையும் இல்லை.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்கார் அருகே தியாரோய் என்ற இடத்தில், பழைய பாட்டரி உருக்கிய மண்ணை ஏழைப் பெண்கள் சலித்துக் காரீயம் பொறுக்கி விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அங்கே 18 குழந்தைகள் இறந்துபோயின. முதலில் என்ன வியாதி என்றே ஒருவருக்கும் தெரியவில்லை.

உலகத்தில் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் கணக்குச் சொன்னது. அதில் 27 கோடிக்கு மேல் இந்தியக் குழந்தைகள்.

அப்பாவின் சட்டை

பாட்டரிக் கடையிலோ உலையிலோ வேலை செய்கிற அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. அவர் தூக்கி முத்தம் கொடுக்கிறார். சட்டையில் இருந்த தூசி குழந்தையின் கைக்கு வருகிறது. கை வாய்க்குப் போகிறது. அன்பாகத்தான் கொடுத்தார், விஷமும் சேர்ந்து போயிற்று.

இதற்கு வழி இருக்கிறது. வேலைச் சட்டையை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டு, குளித்துவிட்டு வரவேண்டும். ஆலை முதலாளி குளிக்கும் இடமும், துவைத்த சட்டையும் கொடுக்கவேண்டும். அது முடியாத இடத்தில், வாசலிலேயே சட்டையை மாற்றி, கைகால் முகம் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொடவேண்டும். அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

ஆலை இல்லாத ஊரிலும் காரீயம் வீட்டுக்குள் வருகிறது. பழைய கதவு, ஜன்னல், தொட்டில் ஆகியவற்றின் பெயிண்டு உதிர்ந்தால் அந்தச் செதிலில் காரீயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டு இன்னும் சுவரில் இருக்கிறது.

ஈயச் சொம்பு ரசத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஈயம் என்று தமிழில் இரண்டு உலோகத்தையும் சொல்கிறோம். ரசம் வைக்கும் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். அதில் ஆபத்து இல்லை. (வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும்.) ஆனால் வெள்ளீயம் விலை அதிகம்; காரீயம் விலை மலிவு. கலப்படம் செய்தால் புளிரசத்தில் காரீயம் கரைந்து இறங்கும். தெரியாத இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஈயச் சொம்பு வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

மஞ்சளும் அப்படியே. வங்காளதேசத்தில் மஞ்சள் கிழங்கைப் பளபளப்பாக்க, காரீயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசினார்கள். அங்கே அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் 2019-ல் சந்தைகளில் இறங்கினார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள், சந்தையிலேயே சோதித்தார்கள், குற்றவாளிகளுக்கு அபராதம் போட்டார்கள். 2019-ல் நூற்றுக்கு 47 மாதிரிகளில் இருந்த காரீயம், 2021-ல் ஒன்றில்கூட இல்லை. பெரிய செலவு ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம்தான்!

டாக்டர் என்ன செய்வார்?

ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமுக்கு வந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்தவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுதான் வைத்தியம். 45-க்கு மேல் போனால் ஆஸ்பத்திரியில் வைத்து, காரீயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள்.

அந்த மருந்து விளையாட்டுப் பொருள் அல்ல. "உடம்பில் உள்ள உலோகத்தையெல்லாம் எடுத்துவிட்டால் ஆட்டிசம் குணமாகிவிடும்" என்று சொல்லிப் பணம் பறிக்கிறவர்கள் உண்டு. 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன் ஒருவன் அப்படி மருந்து ஏற்றும்போதே இறந்துபோனான். ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்க்காமல் உலோகம் எடுப்பதாகச் சொல்கிறவர் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது.

சாப்பாடு முக்கியம். உடம்பில் இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்தால், அந்த இடத்தைக் காரீயம் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கு சொல்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால், முட்டை, நெல்லிக்காய் இவையெல்லாம் குழந்தைக்குக் காவல். வெறும் வயிற்றில் காரீயம் இன்னும் அதிகமாகச் சேரும். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலைச் சிற்றுண்டித் திட்டம் காரீயத்தை நினைத்துப் போட்டது அல்ல. ஆனாலும் இந்த வகையில் அதற்கும் உதவி செய்கிறது.

போன புத்தி திரும்புமா என்று பெற்றோர் கேட்பார்கள். மூளையில் ஏற்பட்ட சேதத்தை மருந்து முழுவதும் சரிசெய்யாது. ஆனால் காரீயம் வருவதை நிறுத்தினால் மேலும் கெடுவது நிற்கும். நல்ல சாப்பாடும், பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரும் இருந்தால் பிள்ளை முன்னேறும்.

பட்டியலில் இல்லாத பெயர்

2013-ல் மத்திய அரசு குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. டாக்டரும் நர்ஸும் வேனில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். எந்த எந்தக் கோளாறுகளைப் பார்க்கவேண்டும் என்று 30 பெயர் கொண்ட பட்டியல் வகுத்தார்கள். ரத்த சோகை அதில் உண்டு. படிப்புக் கோளாறு உண்டு. கவனக் குறைவும் துறுதுறுப்பும் உண்டு. இந்த மூன்றையும் உண்டாக்கக்கூடிய காரீயத்தின் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைக்கும் சோதனை செய்ய நிறையப் பணம் வேண்டும். ஆனால் பாட்டரி உலைகளைச் சுற்றியுள்ள கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளிலும், சாம்பல் குளங்களை ஒட்டிய வள்ளூர், அத்திப்பட்டுப் பள்ளிகளிலும் முதலில் தொடங்கலாம். எண்ணிச் சொல்லக்கூடிய பள்ளிக்கூடங்கள்தான். முடிவு வந்தால் பெற்றோரின் கையில் கொடுக்கவேண்டும். ஆலை வேலையை நம்பிச் சாப்பிடுகிற குடும்பங்கள் அவை. சோதனைக்குப் பிள்ளையை அனுப்பினால் வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு வரத்தான் செய்யும். பிள்ளையின் பெயரும் அப்பாவின் பெயரும் ஆலைக்குத் தெரியாமல் வைத்தால்தான் தைரியமாக வருவார்கள்.

அதுவரை, சந்தேகம் உள்ள பெற்றோர் குழந்தை வைத்தியரிடம், "ரத்தத்தில் காரீயம் பார்க்க எழுதித் தாருங்கள்" என்று கேட்கலாம். பெரிய பரிசோதனைக் கூடங்களில் இந்தச் சோதனை உண்டு. கை நரம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுப்பார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும் சிறு கருவியும் இருக்கிறது. அதில் அளவு கூடுதலாக வந்தால் நரம்பு ரத்தத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்யவேண்டும். விரலில் குத்துவதற்கு முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். இல்லாவிட்டால் விரலில் ஒட்டியிருக்கும் தூசியின் காரீயமும் ரத்தக் கணக்கில் ஏறிவிடும்.